இரண்டு குரோதி வருஷங்கள்

நாளை மறுநாள் திங்கட்கிழமை சித்திரை 1. குரோதி வருஷம் விடைபெற்று விசுவாவசு வருஷம் பிறக்கிறது. நேற்றுத்தான் பங்குனி உத்திரம் ஆயிற்று. மயிலம் மலையிலிருந்து இறங்கிய கூட்டம் இன்னும் முழுசாக ஊர் போய்ச் சேரவில்லை. கூட்டேரிப்பட்டு போகும் பஸ்களில் இன்று காலையும் மொட்டைத் தலைகளும் சந்தனமுமாகத்தான் இருந்தன. இந்தச் சந்தடியில் உட்கார்ந்து, போகிற வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

நம் தமிழ் வருஷங்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ஒரு சுற்று முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சௌகரியம் உண்டு, ஒரே பெயருள்ள வருஷத்தை இரண்டு தடவை பார்க்கலாம். நான் பார்த்த முதல் குரோதி 1964 ஏப்ரலில் தொடங்கி 1965 ஏப்ரலில் முடிந்தது. இரண்டாவது, இப்போது முடிகிற 2024-25. குரோதி என்றால் கோபமுள்ளது என்று அர்த்தம் சொல்வார்கள். இரண்டுமே அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை.

முதலில் இப்போதைய குரோதி. 2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தம் நாள் கணக்காக இழுத்தடித்துக்கொண்டிருந்தது. வலுவிழந்துதான் கரை ஏறும் என்று 28-ம் தேதி சொன்னார்கள். 29-ம் தேதி அதுவே புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த நாடு சவூதி அரேபியா. 30-ம் தேதி இரவு பத்தரை மணிக்கு மேல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் சரி. போகாமல் அங்கேயே பல மணி நேரம் நின்றுவிட்டது. புயல் ஒரு இடத்தில் நின்றால் காற்று குறையும், மழை குறையாது.

டிசம்பர் 1 காலை எட்டரை மணிக்கு அளந்த கணக்குப்படி 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல். அங்கே அதற்கு முந்தைய பெரிய மழை 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 செ.மீ. என்று வானிலைத் துறையின் பதிவு சொல்கிறது. அதைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே அதிக மழை எங்கள் ஊரில்தான். மலையும் முருகனும் தவிர வேறெதற்கும் பத்திரிகையில் பேர் வராத ஊர் எங்களுடையது. இப்படிப் பேர் வாங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

51 செ.மீ. என்றால் என்ன? நான் குமாஸ்தாவாக இருந்தவன், எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் நின்றால் இருபது லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 170 வந்து ஒரே ஏக்கரில் கொட்டியது போல. நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 100 செ.மீ.தான். பாதி வருஷத்து மழை ஒரு பகல் ஒரு இரவில் இறங்கிவிட்டது.

அது எங்களோடு நிற்கவில்லை. மறுநாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ., விழுப்புரத்தில் 42 செ.மீ. திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை தாண்டியது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. மரக்காணத்து உப்பளங்கள் ஏரியாகிவிட்டன.

எங்கள் தெருக்கோடியில் ஒரு விவசாயி இருக்கிறார். மூன்று ஏக்கர் கழனி. ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்து, பயிர் எப்படி என்று கேட்டேன். "பயிரு போனா அடுத்த போகம் வச்சிக்கலாங்கய்யா. மேல் மண்ண வாரிக்கினு போயிடிச்சி. அத எங்க போயி வாங்கறது?" என்றார். நிவாரணப் படிவத்தில் மேல்மண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை.

இனி பழைய குரோதி. அப்போது நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த பையன். பிரெஞ்சுக்காரர்கள் 1954-லேயே நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள், 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் கை மாறிவிட்டது. ஆனாலும் பிரவே பரீட்சை எழுதினால் நல்ல வேலை என்ற நம்பிக்கை எங்கள் வீடுகளில் போகவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் டிசம்பர் என்றால் கூரையெல்லாம் பனி. வகுப்புக்கு வெளியே டிசம்பர் என்றால் முழங்கால் தண்ணீர். இரண்டையும் ஒரே சமயத்தில் படித்தோம்.

அந்த வருஷம் தொடங்கி ஒன்றரை மாதத்தில், 1964 மே 27-ல், நேரு காலமானார். அரிசித் தட்டுப்பாடு. வீட்டில் பெரியவர்கள் பேச்செல்லாம் அரிசியைப் பற்றியே இருக்கும். டிசம்பர் 22 இரவு பாம்பன் பகுதியில் புயல் அடித்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு அலையில் போயிற்று. செய்தி வெளியே வரவே நேரமாயிற்று. எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீடு ஒன்றுதான், அதன் திண்ணையில் கூட்டமாக நின்று கேட்டது நினைவிருக்கிறது. அடுத்த மாதம், 1965 ஜனவரியில், சென்னை மாகாணம் முழுவதும் இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. குரோதி போனால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

போயிற்று. வந்தது விசுவாவசு, 1965-66. அதுவாவது நல்லதாக இருந்ததா என்றால், மழை பொய்த்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார், பல வீடுகளில் விட்டார்கள். 1966 ஜனவரி 11-ல் அவரும் தாஷ்கண்டில் காலமானார். நாளை மறுநாள் பிறக்கப்போவதும் அதே பெயருள்ள விசுவாவசுதான். பெயரை நம்பினால் நாம் இப்போதே பயப்பட ஆரம்பிக்க வேண்டும்.

பெயரில் ஒன்றும் இல்லை என்பதற்குப் பழைய கணக்கு நிறைய இருக்கிறது. விக்கிரம என்றால் பராக்கிரமம். 1760-61 விக்கிரம வருஷம். அந்த வருஷம் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள், உள்ளே பஞ்சம். 1761 ஜனவரி 1-ம் தேதி ஒரு பெரும்புயல் அடித்து, முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் இது தெய்வச் செயல், தப்பித்தோம் என்றிருப்பார்கள். வேறு கப்பல்கள் சில நாளில் வந்துவிட்டன. ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. தளபதி லாலியைப் பிற்பாடு பாரிஸில் தலையை வெட்டினார்கள். வருஷக்கணக்காக நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே ஜனவரியில் கண் மூடினார். எங்கள் பிரெஞ்சுச் சரித்திரப் புத்தகத்தில் லாலிக்கு ஒரு பத்தி இருந்தது, புயலுக்கு ஒரு வரிகூட இல்லை.

நள வருஷம், 1916. கார்த்திகை 8, புதன்கிழமை இரவு. இந்தத் தேதி இன்றும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் பாரதியார். அப்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். 'புயற் காற்று' என்ற பாட்டின் தலைப்பிலேயே வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் எழுதிவைத்தார். ஒரு ரெவின்யூ குமாஸ்தாகூட அவ்வளவு துல்லியமாக எழுதமாட்டான். அந்தப் புயலில் தப்பிய ஒரு தோப்பைப் பற்றி 'பிழைத்த தென்னந் தோப்பு' என்றும் ஒரு பாட்டு எழுதினார். விழுந்ததைப் பற்றியும் எழுதினார், நின்றதைப் பற்றியும் எழுதினார். வருஷக் கணக்கு எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முறை அது.

சரி, கெட்ட வருஷங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன என்றால் நம்பிக்கை எதில் வைப்பது? நான் இந்த மழைக்குப் பிறகு பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அடுத்த வருஷம் நல்லதாக அமைந்ததால் எந்தக் கஷ்டமும் தீரவில்லை. கெட்ட வருஷத்திலோ அதன் வலி ஆறுவதற்கு முன்போ யாராவது எதையாவது ஏற்படுத்தி வைத்த இடத்தில்தான் அடுத்த தடவை சேதம் குறைந்திருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-77. தென்னாற்காட்டில் என் பாட்டி காலம் வரை அதன் பேச்சு இருந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மாண்டார்கள். ரயில் ஓடியது, துறைமுகத்தில் தானிய மூட்டை இருந்தது, கூலிக்காரன் கையில் காசு இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பஞ்சக் கமிஷன் உட்கார்ந்து 1880-ல் அறிக்கை கொடுத்தது. 1883-ல் பஞ்ச விதித் தொகுப்பு வந்தது. எந்த நிலையில் நிவாரண வேலை தொடங்க வேண்டும், என்ன கூலி என்று எழுத்தில் வந்தது அதில்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு அடையாளமும் கண்முன் இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை வருகிற பக்கிங்காம் கால்வாயில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-ல் வெட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டியது.

1864-ல் கல்கத்தாவிலும் மசூலிப்பட்டினத்திலும் புயல்கள், அடுத்து 1866-லும் 1871-லும் மழை பொய்த்தது. அதன் பலனாக 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. அந்தத் துறைக்கு 150 வருஷம் நிறைந்தது இந்தக் குரோதி வருஷத்துத் தை மாதத்தில்தான். எங்கள் ஊர் மழை 51 செ.மீ. என்று சொல்ல முடிந்ததே அந்தத் துறை இருப்பதால்.

பழைய குரோதியிலும் அப்படித்தான். அரிசிக்கு அல்லாடிய அதே வருஷத்தில், 1965 ஜனவரியில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். உணவு மந்திரி நம் சி. சுப்பிரமணியம். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை வரவழைத்தது அவர் காலத்தில்தான். மொழிப் போராட்டத்தின் கோபம் 1967-ல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமாகக் காகிதத்தில் ஏறியது. உடைந்த பாம்பன் பாலத்தை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்து ரயில் விட வைத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அதே ஸ்ரீதரன். அறுபது வருஷம் கழித்து இந்தக் குரோதி முடிவதற்கு ஒரு வாரம் இருக்கையில், ஏப்ரல் 6-ம் தேதி, பாம்பனில் புது ரயில் பாலம் திறந்திருக்கிறார்கள். ஒரு குரோதி உடைத்ததற்கு அடுத்த குரோதி பதில் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் தனுஷ்கோடி மறுபடியும் ஊராகவில்லை. எல்லாமே சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை.

தாரண வருஷத்துச் சுனாமி, 2004 டிசம்பர் 26. அதற்குப் பிறகு 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இப்போது கலெக்டர் ஆபீசில் பேரிடர்க்கென்று ஒரு அறையும் போனும் இருப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம்.

ஆகவே ஃபெஞ்சலுக்குப் பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வி, விசுவாவசுவின் பலன் என்ன என்பது இல்லை. இந்த மழையின் பேரில் என்ன ஏற்படுத்தப் போகிறோம் என்பதுதான். எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, ஏரிகள். திண்டிவனம், மயிலம் பக்கம் ஏரியும் தாங்கலும் இல்லாத கிராமம் குறைவு. ஒன்று நிறைந்து கலங்கல் வழியாக அடுத்ததுக்குப் போகும்படி முன்னோர் சங்கிலி போல அமைத்தார்கள். வரத்து வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் கலங்கலுக்கு எதிரில் வீடு இருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். 51 செ.மீ. மழையை எந்த ஏரியும் தாங்காது, உண்மைதான். ஆனால் 20 செ.மீ. மழையைத் தாங்கியிருக்க வேண்டிய இடங்களும் அன்று சேர்ந்து உடைந்தன. ஆடிக்குள் வாய்க்கால்களை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். இதற்குக் கமிஷன் தேவையில்லை.

இரண்டாவது, எல்லை. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரி வழியாகக் கடலுக்குப் போகிறது. 32 அடி உயர அணை, 605 மில்லியன் கன அடி கொள்ளும். பாசனம் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர். தண்ணீருக்கு எல்லை இல்லை, நமக்கு இருக்கிறது. புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய், அந்தப் பக்கம் 5,000 ரூபாய். ஒரே மழை, ஒரே ஆறு, பக்கத்துப் பக்கத்து வயல். புதுச்சேரி அரசில் வேலை பார்த்து, மனைவியின் ஊரான மயிலத்தில் ஓய்வுக்காலம் கழிக்கிற எனக்கு இரண்டு பக்கத்திலும் சொந்தக்காரர்கள். விசேஷத்தில் சந்தித்தால் இன்றும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. தொகையை ஒன்றாக்குவது பெரிய அரசியல். அணை திறக்கும்போது கீழே உள்ளவருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையாவது இரண்டு அரசுகளும் சேர்ந்து எழுதி, ஊர்ச் சாவடியில் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, ராத்திரி எச்சரிக்கை. இன்று எல்லார் கையிலும் செல்போன். அன்று கரண்ட் போய், டவர் போய், செல்போன் வெறும் கைவிளக்காகிவிட்டது. பழைய காலத்தில் வெட்டியான் தமுக்கு அடித்துக்கொண்டு போவார். அதற்குப் பதிலாகக் கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கிகளை பேட்டரியோடு தயாராக வைத்தால் நடு இரவில் ஒரு தெருவையே எழுப்ப முடியும்.

நான்காவது, எழுதி வைப்பது. தமிழ்நாட்டு வருவாய்த் துறைக்கு இது பசலி 1434. ஜமாபந்திக் கணக்கில் எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்பது இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டு வெளிச்சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்குப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, 1-12-2024 என்று எழுதியிருக்கிறேன். வாசற்படிக்கு மேல் ஒரு சாண். தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் கோடு போட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம் கோட்டை விட்டுவிட்டு அடி என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான் செலவு. நாளைக்கு அந்தத் தெருவில் மனை வாங்க வருகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்தால் அஸ்திவாரத்தை இரண்டு அடி தூக்கிப் போடுவார். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தண்ணீர் வந்திருந்தால் ஒரு கோடு போடுங்கள்.

அடுத்த குரோதி 2084-ல் வரும். நான் இருக்கமாட்டேன். என் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கும் அப்போது என் வயது ஆகியிருக்கும். எங்கள் தெருக்கோடி விவசாயி மார்கழியில் வண்டல் அடித்துக் கொட்டி, தை பிறந்ததும் ஒரு ஏக்கரில் மட்டும் மல்லாட்டை போட்டார். மீதி இரண்டு ஏக்கர் இன்னும் மணல் மூடிக் கிடக்கிறது. இந்த ஒரு ஏக்கர் போன வாரம் பிடுங்கினார்கள், காய் சுமார்தான். ஒரு முறம் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருஷம் மீதியும் போட்டுவிடலாம் என்கிறார்.

எல்லோருக்கும் விசுவாவசு புத்தாண்டு வாழ்த்துகள்.